சபையின் உறுப்பினர் பட்டியலும் மூப்பர் தேர்வும்: விதிகளை எப்படி எழுதுவது?

மேடவாக்கம் விசுவாசி எழுதியது:

அனைவருக்கும் தோத்திரம். வீட்டு ஜெபக்கூட்டமாகத் தொடங்கி, இன்று மேடவாக்கத்திற்கு அருகே வாடகை மண்டபத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கூடி ஆராதிக்கும் தனிச் சபை ஒன்றைச் சேர்ந்தவன் நான். சபையைத் தொடங்கி இதுவரை நடத்திவந்த போதகர் ஐயாவுக்கு வயதாகிவிட்டது. தமக்குப் பிறகு பொறுப்பு எவ்வாறு கைமாற வேண்டும் என்பதை எழுத்தில் வைத்துவிட அவரே விரும்பி, எங்களில் சிலரை அழைத்து விதிகளுக்கு ஒரு வரைவைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்.

வேலையைத் தொடங்கியதுமே முதல் கேள்வியில் நின்றுவிட்டோம். மூப்பர்களை, அதாவது சபையை மேய்க்கும் பொறுப்பாளர்களை, சபையார் தெரிந்தெடுக்க வேண்டும் என்று எழுதினால், அந்தச் சபையார் யார்? நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்தபின் தாமே விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் முடித்து வந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் எங்களிடம் இருக்கின்றன. வடசென்னையின் பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் வேலை பார்த்து, வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் வேறு பகுதிக்குப் போய்விடும் இளம் தம்பதியர் இருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் வந்தும், வீட்டாரின் எதிர்ப்பினால் ஞானஸ்நானம் பெறாதிருக்கும் சகோதரிகளும் பலர். இவர்களில் யாருக்கு வாக்கு, யாருக்குத் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை), யார் வீட்டுத் திருமணத்தைச் சபை நடத்தித் தருவது, யாருடைய அடக்கத்திற்குச் சபை கடிதம் தருவது என்று கேட்டால், எங்களிடம் இருப்பது போதகர் ஐயாவின் நினைவு மட்டும்தான். பிற சபைகளின் நடைமுறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முன்னாள் செயலர், இராயபுரம் எழுதியது:

தலைமையைப் பற்றிப் பேசுமுன் உறுப்பினர் பட்டியலில் நீங்கள் நின்றது மிகவும் சரி. பட்டியலைக் கவனியாமல் தேர்தலுக்குப் போகும் சபைகள், அதே கேள்வியைப் பின்னர் நீதிமன்றத்தில் சந்திக்கின்றன.

நான் சி.எஸ்.ஐ. குருசேகரம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) ஒன்றில் நெடுங்காலம் கமிட்டியில் இருந்தவன். எங்கள் அமைப்பைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னையின் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளுடன் தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்தது. அந்த ஐக்கிய சபையே 1908 இல் பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்து அமைத்தது. ஆகவே பேராயர் வழி ஆளுகை, மூப்பர் மன்ற ஆளுகை, சபையார் கூடி முடிவெடுக்கும் ஆளுகை என்ற மூன்று மரபுகளையும் ஒரே அமைப்பில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால்தான் சபையின் குருவான ஆயரை, பல குருசேகரங்கள் அடங்கிய பேராயத்தின் தலைவரான பேராயர் நியமிக்கிறார். கமிட்டியைச் சபையார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கமிட்டிக்கு ஆயர் தலைமை வகிக்க, செயலரும் பொருளாளரும் சபையாரிலிருந்து வருகிறார்கள். பேராயரின் தெரிவிலும், பேராயத்தின் பெருமன்றம் வாக்களித்துச் சில பெயர்களை அனுப்ப, இறுதி நியமனம் திருச்சபை முழுமைக்குமான மன்றமாகிய சினாடின் பொறுப்பில் இருக்கிறது.

உறுப்பினர் நிலையில் இரண்டு படிகள் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, சபையின் அங்கம். திடப்படுத்தல் பெற்று ஒழுங்காகத் திருவிருந்தில் பங்கேற்பவர் நற்கருணை உறுப்பினர். வாக்கு இரண்டாம் படியினருக்கே, அதுவும் வயது, சந்தா முதலிய தகுதிகளுடன்.

இந்தச் சந்தாவைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும். சந்தா நிலுவை உள்ளவருக்கு வாக்கில்லை என்ற விதி, சபையைத் தாங்குகிறவர்களே முடிவெடுக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்தது. ஆனால் தேர்தல் நெருங்கும்போது, ஒரு தரப்பினர் தங்களுக்கு வேண்டிய குடும்பங்களின் நிலுவையை மொத்தமாகக் கட்டிவிடுவதையும், மறுபுறம் வறுமையால் சந்தா தவறிய முதிய விதவைகளின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துபோவதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். நீங்கள் புதிதாக எழுதுகிறீர்கள். உறுப்பினர் உரிமையைப் பணத்தோடு கட்டாதீர்கள். காணிக்கை தேவனுக்குரியது, அதை வாக்குச் சீட்டின் விலையாக்க எந்தச் சபைக்கும் அதிகாரம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சங்கப் பதிவு எழுதியது:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். உங்கள் சபை எந்த வடிவில் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

சென்னையின் தனிச் சபைகளில் பல அறக்கட்டளையாகப் பதிவாகியவை. அறக்கட்டளையில் அதிகாரம் முழுவதும் அறங்காவலர்களுடையது. பத்திரத்தில் தனியாக எழுதியிருந்தால் அன்றி, ஞாயிறுதோறும் வந்து காணிக்கை கொடுக்கும் விசுவாசிக்குச் சட்டப்படி வாக்கு இல்லை. நிலம் வாங்குவதிலும் விற்பதிலும் அவரைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போதகரும் அவர் மனைவியும் மகனும் அறங்காவலர்களாக இருந்தால், போதகர் காலமான மறுநாள் சபையின் சொத்து அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் ஒருவரின் நற்குணத்தை மட்டும் நம்பி அமைப்பை வைப்பது, அவருக்கும் சபைக்கும் செய்யும் அநீதி.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழ்ப் பதிவு செய்தால் நிலைமை வேறு. உறுப்பினர் பதிவேடு கட்டாயம். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. அவர்களுடைய பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, மறுபடி தேர்வாகத் தடை இல்லை. ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும். துணைவிதிகளை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். சி.எஸ்.ஐ. போன்ற பெரிய திருச்சபைகளில் சொத்துகளை வைத்திருப்பது தனி நிறுவனம். அவர்களுடைய டிரஸ்ட் அசோசியேஷன் 1947 இலேயே கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. ஆகவே ஓர் ஊர்ச் சபை தனியாக எதையும் விற்க முடியாது.

இன்னொன்று. இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872 இன்படி, பேராயர் வழி அருட்பொழிவு பெற்ற குருமார் போன்றோர் தவிர்த்த தனிச் சபைப் போதகர், திருமணம் நடத்த அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மணமக்களில் ஒருவராவது கிறிஸ்தவராக இருக்க வேண்டும். புதிய போதகர் பொறுப்பேற்கும்போது இந்த உரிமத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அன்பியத் தொடர்பாளர் எழுதியது:

மரியே வாழ்க. நான் கத்தோலிக்கத் திருச்சபையின் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் ஒரு பங்கை (ஒரு பகுதியின் ஆலயச் சமூகத்தை) சேர்ந்தவன். எங்களிடம் தேர்தல் சூடு குறைவு. காரணம், பங்கில் முடிவெடுக்கும் பொறுப்பு பங்குத்தந்தையிடம் இருக்கிறது, அவரைப் பேராயர் நியமிக்கிறார். 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பங்குப் பேரவை ஆலோசனை கூறும் அமைப்பு மட்டுமே. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். ஆலோசனை அவைக்குத் தரும் இடத்தைவிடக் கணக்கைப் பார்க்கும் குழுவுக்குச் சட்டம் கண்டிப்பான இடம் தந்திருப்பதைத் தனிச் சபையாரும் கவனிக்கலாம்.

எங்கள் உறுப்பினர் நிலை, ஞானஸ்நானத்தையும் குடியிருக்கும் பகுதியையும் பொறுத்தது. நீங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது அன்பியம் என்று நினைக்கிறேன். அருகருகே வசிக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம். மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடி இறைவார்த்தையைப் பகிர்கிறோம். பேரவைக்குப் பிரதிநிதிகள் அங்கிருந்து வருகிறார்கள். யார் வீடு மாறினார்கள், யார் மருத்துவமனையில் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளை புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) தயாராகிறது என்பது அன்பியத்திற்குத் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்த முடியாது. தெருவை அறிந்தவர்தான் திருத்த முடியும்.

மூப்பர் மரபு எழுதியது:

சகோதர சபை மரபில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தை வைக்க விரும்புகிறேன். 1941 இல் நற்செய்தியாளர் பக்த்சிங் ஐயா இந்நகரில் தொடங்கிய சபைகளும் சரி, அதற்கு முந்தைய சகோதர சபைகளும் சரி, ஒரே போதகரின் தலைமையையும் வாக்கெடுப்பையும் ஏற்கவில்லை. பல மூப்பர்கள் சேர்ந்து மேய்க்கிறார்கள். அப்போஸ்தலர் 14:23 இல் பவுலும் பர்னபாவும் சபைகள்தோறும் மூப்பரை ஏற்படுத்தினார்கள். 20:28 இல் பரிசுத்த ஆவியானவரே அவர்களைக் கண்காணிகளாக வைத்தார் என்று வாசிக்கிறோம். வாக்கெடுப்பு வந்தவுடன், அதனுடன் சாதியும் ஊரும் உறவும் கூடவே வருகின்றன. நாடார் இத்தனை, வெள்ளாளர் இத்தனை, ஆதிதிராவிடர் இத்தனை என்று தேர்தலுக்கு முன் கணக்கிடும் சபைகள் இந்த நகரில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஏற்கனவே மந்தையைக் கவனித்துவருபவரை மற்ற மூப்பர்கள் அடையாளம் கண்டு, சபையின் முன் அறிவித்து, யாருக்கேனும் நியாயமான மறுப்பு இருக்கிறதா என்று கேட்டுக் காத்திருந்து ஏற்படுத்துவதே வேத முறைக்கு நெருக்கமானது.

முன்னாள் செயலர், இராயபுரம் எழுதியது:

மூப்பர் மரபு ஐயா அவர்களின் கவலை முழுக்க உண்மையானது. சாதிக் கணக்கைப் பற்றி அவர் எழுதியதை நான் மறுக்கமாட்டேன், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்கை எடுத்துவிட்டால் சாதி வெளியேறிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூப்பர்களே அடுத்த மூப்பர்களைத் தெரிந்தெடுக்கும் இடத்தில், ஒரே குடும்பத்தாரும் ஒரே சமூகத்தாரும் தலைமுறைகளாக அமர்ந்திருப்பதையும் பார்க்கிறோம். அங்கே கேட்க வழியே இல்லை.

அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உதவியில் விடுபட்டுப்போனார்கள் என்ற முறையீட்டிலிருந்து அது தொடங்குகிறது. ஏழு பேரைத் தெரிந்துகொண்டவர்கள் சபையார். ஜெபம்பண்ணிக் கைகளை வைத்து நியமித்தவர்கள் அப்போஸ்தலர். தெரிவும் நியமனமும் இரு கைகளில் இருந்தன. முறையிட்ட தரப்பின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர்களே தெரிந்துகொள்ளப்பட்டார்கள் என்பதை அந்தப் பெயர்களிலிருந்தே ஊகிக்கலாம். ஏழும் கிரேக்கப் பெயர்கள்.

நிறுவியவரையே சார்ந்த சபைகளைப் பற்றி நம் ஊர் வரலாறும் பேசுகிறது. 1886 இல் மருத்துவர் புல்னி ஆண்டி, மிஷன் சங்கங்களைச் சாராத தேசியத் திருச்சபையைச் சென்னையில் தொடங்கினார். காலத்தை மிஞ்சிய துணிவு அது. அவருக்குப் பின் அது நிலைக்கவில்லை.

தாம்பரம் வாசகர் எழுதியது:

ஒரு தகவலை மட்டும் சேர்க்கிறேன். தாம்பரம் அருகே இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனில், ஊழியர்கள் திருமணம் செய்துகொள்ளாமல் விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். 1924 இல் இலங்கையில் தொடங்கிய காலம் முதல் அர்ப்பணிப்பே அங்கே தலைமைக்கு அடிப்படை, வாக்கெடுப்பு அன்று. ஊழியருக்குச் சொந்தக் குடும்பம் இல்லாததால் சபை மகனுக்குப் போகும் என்ற கவலை அங்கே எழுவதில்லை. எல்லோராலும் பின்பற்றக்கூடிய வழி அன்று என்றாலும், வாரிசுரிமை என்ற சிக்கலை அது வேரிலேயே தீர்த்திருக்கிறது.

வேப்பேரி சகோதரி எழுதியது:

இழை முழுவதையும் வாசித்தேன். ஆராதனைக்கு வருவோரில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் நகரத்தில், சபைத் தலைமையைப் பற்றிய இத்தனை பதிவுகளில் அந்தத் தலைமையில் பெண்களின் இடத்தைப் பற்றி இதுவரை ஒரு வரியும் இல்லை. கெங்கிரேயாவின் சபைக்கு ஊழியக்காரியாக இருந்த பெபேயாளை ரோமர் 16 ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே பவுல் பரிந்துரைக்கிறார். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கும் குருத்துவ அருட்பொழிவு வழங்குகிறது. 2013 இல் புஷ்ப லலிதா அம்மையார் நந்தியாலின் பேராயரானார். உங்கள் சபையின் உபதேசம் பெண்களை மூப்பர்களாக ஏற்கவில்லை என்றால், அதை விதியில் வெளிப்படையாக எழுதுங்கள். அவ்வாறு எழுதினாலும் நிதி, பராமரிப்பு, உறுப்பினர் சேர்க்கை ஆகிய குழுக்களில் பெண்கள் பாதியளவு இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஒரு பெண்ணின் குடும்பச் சிக்கலை ஆண்கள் மட்டும் உள்ள குழு விசாரிப்பது முறையன்று.

அடுத்து, ஞானஸ்நானம் பெறாத சகோதரிகளைப் பற்றி. பட்டியலில் பெயர் வருவது சிலருக்கு வெறும் சபைக் காரியம் அன்று. பட்டியல் சாதி நிலையைப் பெரும்பாலும் இந்துக்களுக்கு மட்டுமே தந்த 1950 ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, பின்னர் 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கு அந்த இடம் இன்றுவரை தரப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்திற்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். ஞானஸ்நானப் பதிவு ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தையும் வேலையையும் தொடக்கூடியது. இந்த அநீதியைச் சபை உருவாக்கவில்லை. ஆனால் பெயரைப் பதிவேட்டில் எழுதுமுன், அதன் விளைவை அந்தக் குடும்பத்திற்கு உள்ளபடி எடுத்துச் சொல்லும் கடமை சபைக்கு உண்டு. பதிவை மறைத்து எழுதச் சொல்லவில்லை, அவசரப்படுத்தாதீர்கள் என்கிறேன். ஞானஸ்நானத்தின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் காட்டுவதற்காக விரைவுபடுத்தும் வழக்கம் எங்கிருந்தாலும் அது அன்பில்லாத வழக்கம்.

மேடவாக்கம் விசுவாசி எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. வேப்பேரி சகோதரி சொன்னதைக் குழுவில் வாசித்தபோது நீண்ட நேரம் பேசினோம். எங்கள் குழுவில் இரண்டு சகோதரிகளை உடனே சேர்த்துக்கொண்டோம்.

இதுவரை எங்களுக்குத் தெளிவானது இது. எபிரெயர் 13:17, நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிப்பார்கள் என்கிறது. யாருடைய ஆத்துமாக்களுக்காக என்பது தெரியாமல் ஒருவர் கணக்கு ஒப்புவிக்க முடியாது. ஆகவே பட்டியல் முதலில் பராமரிப்புக்கானது. வாக்குரிமை அதன் ஒரு பயன் மட்டுமே. இந்த அடிப்படையில் இரண்டு பதிவேடுகள் வைக்க எண்ணுகிறோம். ஒன்றில், எங்கள் பராமரிப்பில் தங்களை ஒப்புவிக்க விரும்பும் எவரும், ஞானஸ்நானம் பெற்றாலும் பெறாவிட்டாலும், இருப்பார்கள். நோயிலும் துக்கத்திலும் சபை அவர்களுக்குக் கடமைப்பட்டது. மற்றொன்றில், ஞானஸ்நானம் பெற்று, சபையின் விசுவாசப் பிரமாணத்தையும் விதிகளையும் ஏற்றுக் கையொப்பமிட்டவர்கள் இருப்பார்கள், வாக்கு இவர்களுக்கு. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றுப் பின் தாமே விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களை மறுபடி முழுகச் சொல்லாமல் ஏற்பதா என்பதில்தான் கருத்து பிளந்து நிற்கிறது. போதகர் ஐயா முழுக்கு ஞானஸ்நானத்தையே போதித்தவர். அப்படியிருந்தும், மற்றச் சபையின் திருவிருந்தில் அமர்ந்தவரை என் மேசையில் அமர வைத்துவிட்டு, உறுப்பினர் அன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்றார். மற்றவர்கள் இன்னும் இணங்கவில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்.

மூப்பர் மரபு எழுதியது:

அந்தக் காத்திருப்பு நல்லது. உபதேசக் கேள்வியைப் பெரும்பான்மை வாக்கால் முடித்துவிடாதீர்கள்.

மூப்பர்களைப் பற்றி: சபையார் பெயர்களை முன்மொழிய, மூப்பர்களும் போதகரும் 1 தீமோத்தேயு 3 ஆம் அதிகாரத்தின் தகுதிகளின்படி ஆராய்ந்து, பின் சபையின் ஒப்புதலுக்கு வைக்கும் முறையை எழுதுங்கள். செயலர் ஐயா சுட்டிய இரு கைகளும் அதில் இருக்கும். அங்கே புதிய சீடனாயிருக்கக் கூடாது என்றும், புறம்பானவர்களிடத்தில் நற்சாட்சி வேண்டும் என்றும் சொல்லியிருப்பதைச் சொற்களாக விட்டுவிடாமல், ஒருவர் பணிபுரியும் இடத்திலும் குடியிருக்கும் தெருவிலும் உண்மையாகவே விசாரிக்க வேண்டும். நீக்கும் முறையை எழுதாமல் நியமிக்கும் முறையை மட்டும் எழுதாதீர்கள். 1 தீமோத்தேயு 5:19 மூப்பனைக் காக்கிறது: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்கக்கூடாது. அடுத்த வசனம் சபையைக் காக்கிறது: பாவம் செய்தவரை எல்லோர் முன்னும் கடிந்துகொள்ள வேண்டும். எங்கள் மரபில் முதலாவதை நன்றாகக் கைக்கொண்டோம். இரண்டாவதைக் கைக்கொள்ளத் தயங்கினோம்.

சங்கப் பதிவு எழுதியது:

இரண்டு பதிவேடுகள் என்ற யோசனை சட்டத்திற்கும் பொருந்தும். ஆனால் சங்கத்தின் உறுப்பினர் யார் என்பதைத் துணைவிதியில் ஐயமின்றி வரையறுங்கள். இரண்டாம் பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே சட்டப்படி உறுப்பினர் என்று எழுதவும். வாக்காளர் பட்டியலைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே மூடி, அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மறுப்புத் தெரிவிக்கக் கால அவகாசம் தரவும். தேர்தலுக்குச் சற்று முன் சேர்க்கப்படும் பெயர்களால் வரும் சச்சரவு இதனால் பெருமளவு நின்றுவிடும். கணக்குத் தணிக்கையாளர் மூப்பர்களுக்கோ போதகருக்கோ உறவினராக இருக்கக்கூடாது. போதகரின் ஊதியத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் போதகர் தலைமை வகிக்கக்கூடாது. தற்போது அறக்கட்டளையாக இருந்தால், சொத்து எதுவும் வாங்குமுன் வடிவத்தை முடிவு செய்யுங்கள். வாங்கிய பின் மாற்றுவது கடினம்.

அன்பியத் தொடர்பாளர் எழுதியது:

வீடு மாறிப் போகும் இளம் தம்பதியரைப் பற்றி யாரும் பதில் எழுதவில்லை. அவர்கள் புறப்படும்போது மாறுதல் கடிதம் கையில் கொடுங்கள். போய்ச் சேரும் பகுதியிலுள்ள சபைக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர்கள் அங்கே சேர்ந்ததாகத் தகவல் வந்த பிறகே உங்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள். வராமல் போனதற்காகப் பெயரை அடிக்கும் விதி இருந்தால், அடிக்குமுன் இரண்டு பேர் நேரில் சென்று பார்த்திருக்க வேண்டும் என்பதையும் அதே விதியில் சேருங்கள்.

முன்னாள் செயலர், இராயபுரம் எழுதியது:

அந்த விதியில், சென்று பார்த்தவர்களின் பெயரும் நாளும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்பதையும் சேர்க்கவும். வரைவு முடிந்ததும் இங்கே பதியுங்கள், சகோதரரே. பிரிவு பிரிவாக வாசித்துக் கருத்துச் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.